அரங்கநாதன் தலைக்குள் ஓடிய இரண்டு கதைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது மூன்றாவது கதை. இதற்கு முன்னால் எழுதிய இரண்டையும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அவற்றை ஒரே ஓர் ஆளுக்காக எழுதினேன். அந்த ஆளும் படிக்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடி வழியாக ஒரு வாயுவை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தபடி, காதால் கேட்டார். என் வாக்கியங்கள் உள்ளே போகும்போது அவர் மூளையில் எந்தப் பக்கம் ரத்தம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று, தலையைச் சுற்றி வைத்த குழல்கள் பார்த்துக்கொண்டிருந்தன.* விமர்சகர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர் வேறு யாருமில்லை.

(* சென்னையில் எந்த ஆஸ்பத்திரியில் அப்போது இந்த மிஷின் இருந்தது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். கதைக்காக நானே வாங்கிப் போட்டது. வாங்கிய விலையைக் கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் அதைச் சொல்லமாட்டோம்.)

வருஷம் 1986. தென்னாற்காடு மாவட்டம் இன்னும் உடையாத காலம். விழுப்புரம் ஜங்ஷனில் கரி எஞ்சின் பெருமூச்சு விட்டால் எங்கள் பருப்பு மண்டியில் காயப்போட்ட சாக்கின் மேல் கரித்தூள் வந்து உட்காரும். அப்பா அதை ஊதிவிட்டு வியாபாரத்தைத் தொடர்வார். அப்படி ஊதிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் சவுரிராயன் வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது சென்னையில் மனநல டாக்டர்.

"நீ எழுதின கதையில எதையாவது எவனாவது கடைசி வரைக்கும் படிச்சிருக்கானாடா?" என்றான்.

"எங்கப்பா படிச்சாரு. இத எழுதற நேரத்துக்கு ரெண்டு மூட்டை துவரை பொடைச்சிருக்கலாம்னாரு."

"என்கிட்ட ஒரு ஆளு இருக்காரு. முகமூடி மாட்டிப் படுக்க வெச்சிருவோம். எழுந்து ஓட முடியாது. இதவிட நல்ல வாசகன் உனக்கு ஆயுசுக்கும் கெடைக்க மாட்டான்."

சரக்கைக் காட்டாமல் விலை பேச வருகிறவனிடம் நாங்கள் பேசுவதில்லை. "சாக்கைப் பிரி" என்றேன்.

பிரித்தான். பெரிய விபத்திலோ சண்டையிலோ மாட்டிப் பிழைத்தவர்கள் சிலருக்கு அந்த நாள் முடிவதே இல்லையாம். ஒரு சத்தம், ஒரு வாசனை போதும். திரும்ப அங்கேயே போய் நின்றுவிடுவார்கள். கேட்டால் சொல்லவும் வராது. அந்த நேரம் மூளையில் பேச்சு இருக்கிற இடத்துக்கு ரத்தம் குறைகிறதோ என்று சவுரிராயனுக்கு ஒரு சந்தேகம். அதைப் பார்க்க அவனுக்கு இரண்டு கதை வேண்டும். ஒன்று அந்த ஆளுக்கு நிம்மதியான, பழக்கமான ஒரு நாள். இன்னொன்று அன்றைக்கு நடந்தது. இரண்டையும் கேட்கவைத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான்.

"ஆளு யாரு?"

"திண்டிவனம். மல்லாட்டைத் தரகர் அரங்கநாதன்."

அப்பா ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பேருந்து ஏரிக்குள் பாய்ந்தபோது அரங்கநாதன்

(நிறுத்திவிட்டேன். பாய்ந்தது என்று எழுதினால் பேருந்துக்கு அதில் ஏதோ விருப்பம் இருந்ததுபோல் ஆகிறது.)

இரண்டாம் முயற்சி: ஐப்பசி மழையில் கரை இளகிக் கிடந்த ஏரி அது. அதன் பெயர்

(பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அதில்தான் குளிக்கிறார்கள்.)

மூன்றாம் முயற்சி. இதை விட்டுவைக்கிறேன்:

அரங்கநாதனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் மில்காரர்களுக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் தரும் தரகர். அவருக்கு எதிர்த் தரகர், கெடார் கிராமத்துப் பெரியதம்பி. குடியானவர்கள் பக்கம் நின்று விற்றுத் தருகிறவர். மண்டியில் இரண்டு பேரும் பாம்பும் கீரியுமாகத் தெரிவார்கள். வெளியே வந்தால் ஒரே கிளாஸ் டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். 1984 நவம்பரில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்த தனியார் பேருந்தில் இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். பேருந்து ஏரிக்குள் சரிந்தது. அரங்கநாதன் கரையில் கண்விழித்தார். பெரியதம்பி விழிக்கவில்லை.

கருமாதி முடிந்து சில நாளில் பெரியதம்பியின் மனைவி வீரம்மாள் திண்டிவனம் வந்தாள். அழவில்லை, ஏசவில்லை. அரங்கநாதனின் மனைவி சௌந்தரம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, கடைசியா அவரு எதனா சொன்னாரா?"

அரங்கநாதன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, "சரி, அப்பறமா சொல்லுங்க" என்று எழுந்து போனாள்.

அந்த 'அப்புறம்' இரண்டு வருஷமாக வரவில்லை. அவர் மண்டிக்கும் போவதில்லை. வாசல்வரை போவார், மூட்டை இறங்குவதைப் பார்த்து நிற்பார், வேர்த்து ஊற்றும், திரும்பி வந்துவிடுவார். மூன்று மாட்டைக் கட்டிக்கொண்டு சௌந்தரம் குடும்பத்தை ஓட்டினாள்.

(சௌந்தரத்தை இந்த இடத்தில் அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவள் அழுகிற ஆளில்லை. என்னை முதல்முதலில் பார்த்தபோது அவள் சொன்னது: "பஸ்ஸுல ஏர்றாரு தம்பி. ஏரியில எறங்கி மாடு கழுவறாரு. மண்டின்னா மட்டும் ஜொரம் வந்துடுது. இது இன்னா மாரி சீக்கோ, ஒங்க டாக்டரத்தான் கேக்கணும்." வாசகர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். டாக்டரும் நானும் வைத்துக்கொள்ளவில்லை.)

3

விபத்துக் கதையை எழுத அவரிடமே கேட்கவேண்டியிருந்தது. திண்டிவனம் போய் எதிரில் உட்கார்ந்தேன். மழை, டிரைவர் போட்ட பாட்டு, முன்சீட்டில் ஒருவர் மடியில் வைத்திருந்த பலாப்பழம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி உடைந்தது வரை சொன்னார். "தண்ணி உள்ள வந்துது" என்றார். அதோடு குரல் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, ஏதோ நடுவில் ஒரு ஸ்டேஷனே இல்லாததுபோல், "கரையில படுத்துக்கினு இருந்தேன்" என்று முடித்தார்.

நடுவில் இருந்ததை நான் கைச்சரக்கிலிருந்து நிரப்பினேன். இருட்டு, சேறு, மூச்சு முட்டல், யாரோ உதைத்த கால். டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் 'நீங்கள்' என்று எழுதினேன். நீங்கள் கம்பியைப் பிடிக்கிறீர்கள். நீங்கள் மூச்சுக்குத் தவிக்கிறீர்கள். எழுதி முடித்ததும் எனக்கே மார்பு படபடத்தது. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

4

நிம்மதிக் கதைக்கு மண்டியைவிட வேறு எது? மண்டிக்குப் போக முடியாத ஆளுக்கு மண்டிக் கதை எழுதலாமா என்று சவுரிராயனைக் கேட்டேன். "கூட்டத்தப் பார்த்தா பயம் அவருக்கு. அது இப்போ. நீ பழைய மண்டிய எழுது. இருவது வருஷம் சந்தோஷமா இருந்த எடம்தானே" என்றான். எனக்கு அதற்குமேல் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அதிலிருந்து கொஞ்சம்:

'வெயில் ஏறுமுன் மண்டிக்கு வந்துவிட்டீர்கள். காலடியில் மல்லாட்டைத் தோல் நொறுங்குகிறது. ஒரு மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிக் காதோரம் குலுக்குகிறீர்கள். நன்றாகக் காய்ந்த பருப்பு கலகலக்கிறது. ஒன்றை உரித்து வாயில் போடுகிறீர்கள். பால் மணம் போய் எண்ணெய் மணம் வந்திருக்கிறது. எதிர்த் தரகர் வருகிறார்.' (பெயர் போடவில்லை. அந்த அளவு இங்கிதம் எனக்குத் தெரியும்.) 'தோளிலிருந்து துண்டை எடுத்து இருவர் கைமேலும் போடுகிறார்.'

இங்கே கதையை நிறுத்தி, மண்டி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சர்க்கார் மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். வெளியே மண்டிகளில் அந்தக் காலத்தில் துண்டுதான். விலையை வாயால் சொன்னால் சுற்றி நிற்கிற பத்துப் பேர் காதில் விழும். அதனால் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துப் பேசுவார்கள். அவர் உங்கள் விரல்களில் இத்தனையைப் பிடித்து அழுத்தினால் அது அவர் விலை. உடனே நீங்கள் கையை உருவிக்கொண்டு அவர் விரல்களில் இத்தனையைப் பிடித்தால் அது உங்கள் பதில். மாறி மாறி இப்படிப் போகும். முகத்தில் ஒன்றும் தெரியாது. வாய், மழை பெய்ததையும் மருமகள் வந்ததையும் பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்கு அடியில் பேசியதை யாரும் கேட்கமாட்டார்கள், பேசியவர்களும் வெளியே சொல்லமாட்டார்கள். நான் பேச்சுப் பழகுமுன்பே இதைப் பழகியவன். அப்பாவின் துண்டில் வேர்வையும் மஞ்சள்தூளும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இப்போதும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால், என் வலது கை தானாக நீள்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அழகாக முடியவேண்டும் என்று கடைசியில் இப்படி ஒரு வரி போட்டேன்: 'விலை படியும்வரை அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று விடவே இல்லை.'

இது பொய். விடாமல் பேரம் பேச முடியாது. தெரிந்தேதான் போட்டேன். பழைய பருப்புக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதில்லையா, அந்த மாதிரி.

5

இரண்டையும் என் குரலிலேயே கேசட்டில் பதிந்தோம். நிம்மதிக் கதையின் நடுவில் ஜங்ஷன் எஞ்சின் ஒன்று ஊதியது. அழிக்கவேண்டாம், ஊர்ச் சத்தம் இருந்தால் நல்லது என்றான் சவுரிராயன்.

சென்னையில் அந்த அறைக்குள் என்னை விடவில்லை. ஆகவே இனி வருவது அரங்கநாதன் பின்னால் சொன்னதும் நான் இட்டுக்கட்டியதும் கலந்தது. கலப்பு விகிதம் கேட்காதீர்கள்.

அரங்கநாதன் படுத்திருந்தார். ரப்பர் வாடை. தலைக்கு இருபுறமும் குழல்கள், புளியமரத்தில் கிளிக்கூட்டம் உட்கார்ந்த மாதிரி. முதலில் விபத்துக் கதை ஓடியது. பேருந்து, மழை, பலாப்பழம். 'அந்த மொதலாளி மவன் நல்லாத்தான் படிக்கிறான், தொண்டையில கொஞ்சம் சளி கீது' என்று நினைத்தார். தண்ணீர் வந்தது. யாரோ உதைத்தார்கள். நம்பள யாரும் உதைக்கலயே என்று நினைத்தார். கதை முடிந்தது. அந்த வாயு உடம்பைவிட்டுப் போகட்டும் என்று அரைமணி சும்மா உட்காரவைத்தார்கள். பிஸ்கெட் கொடுத்தார்கள்.

அடுத்தது மண்டிக் கதை. தோல் நொறுங்கியது. பருப்பு கலகலத்தது. துண்டு விழுந்தது.

துண்டு விழுந்ததும் அவருடைய வலது கை

(இந்த வாக்கியத்தை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். விட்டுவிடுகிறேன். அருகில் இருந்த டெக்னீஷியன் பார்த்தது மட்டும்: கை, போர்த்தியிருந்த விரிப்புக்கு அடியில் எதையோ தேடித் துழாவியது.)

6

சவுரிராயன் டிரங்க் கால் போட்டான். எடுத்ததுமே திட்டினான்.

"கேசட்ட மாத்தி ஒட்டிட்டியாடா, பேஜார் புடிச்சவனே?"

"ஏன்?"

"விபத்துக் கதையில ஒண்ணுமே ஆகல. சும்மா படுத்திருக்கிற மாதிரி ஓடுது ரத்தம். நிம்மதிக் கதையில பேச்சு இருக்கிற பக்கம் குறைஞ்சு போயிருக்கு."

"எந்த வரியில?"

"வரி வரியா சொல்லாதுடா இந்த மிஷின். கதை பூரா ஓடினா மொத்தமா ஒரு படம், அவ்வளவுதான். அதனாலதான் கேக்கறேன், லேபிள மாத்தினியா?"

"சரியாத்தான் ஒட்டுனேன். ரயில் ஊதுன கேசட்டு எது?"

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம். "...நிம்மதி."

லேபிள் சரி. தவறியது நாங்கள். ஏரி அவரை ஒன்றும் செய்யவில்லை; பேருந்தும் செய்யவில்லை. நான் ஆசை ஆசையாக, என் அப்பாவின் வேர்வை வாசனையோடு எழுதிய மண்டிதான் அவர் பேச்சை உறிஞ்சிவிட்டது. சௌந்தரம் முதல் நாளே சொன்னாள். ஒரு மாட்டுக்காரி சொன்னதை டாக்டரும் எழுத்தாளரும் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? அன்றைக்குச் சிரித்தோம்.

7

மறுநாள் மத்தியானம் திண்டிவனம் போனேன். வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் சௌந்தரம் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய துண்டை விரித்து அதில் தோலைப் போட்டுக்கொண்டிருந்தாள். அரங்கநாதன் பக்கத்தில் கட்டிலில் இருந்தார். வெறுந்தோள்.

"வா தம்பி. அந்த ரெண்டாவது கத எழுதனதும் நீதானே?" என்றார்.

"நான்தாண்ணே."

"ஒங்கப்பாரு கையி எனுக்குத் தெரியும். மொரட்டுக் கையி, ஞாயமான கையி. அவரு மவன் அப்பிடி எழுதலாமா?"

"எப்பிடிண்ணே?"

"கையி வுடவே இல்லன்னு."

"அழகுக்காகப் போட்டேண்ணே."

"இன்னா அழகு? வுடாம எப்பிடிப்பா பேசுவ? அவரு புடிச்சா அவரு சொல்லிட்டாருன்னு அர்த்தம். அப்பறம் நம்ப மொற. உருவிக்கினு நாம திருப்பிப் புடிக்கணும். உருவலன்னா..."

வாய் திறந்தபடி நின்றது. உதடு அசைந்தது. வேர்வை பொடித்தது. மூளையில் ரத்தம் எங்கே குறைந்தது என்று பார்க்க அப்போது எனக்கு மிஷின் எதுவும் தேவைப்படவில்லை.

"இதான் தம்பி. இங்க வந்து நின்னுடும்" என்றாள் சௌந்தரம்.  பிறகு, விரித்திருந்த துண்டை எடுத்து, தோலை உதறி, அவர் மடியில் போட்டாள். "வாயி வரலன்னா வுடு. தம்பிக்கும் கையி கீது, உனுக்கும் கையி கீது. கையால சொல்லு."

அவர் துண்டைப் பார்த்தார். தொடமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். என் வலது கையை இழுத்துத் தன் கையோடு வைத்து, மேலே துண்டைப் போட்டார்.

கை சில்லென்று இருந்தது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அழுத்தினார். இன்னொரு முறை, எலும்பு நோக அழுத்தினார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. என் கை தானாக உருவிக்கொண்டது. அவர் விரல்களில் மூன்றைப் பிடிக்கப் போனது.

அங்கே விரல் இல்லை. அவர் கையை எடுத்துவிட்டிருந்தார். துண்டுக்கு அடியில் என் கை மட்டும், ஒன்றுமில்லாத இடத்தில், தேடிக்கொண்டிருந்தது.

"நீயும் உருவிட்ட, பாத்தியா" என்றார் அரங்கநாதன்.

குரல் வந்துவிட்டது. தேய்ந்த குரல்தான். ஆனால் வந்தது.

"பஸ்ஸுல சும்மா பேசிக்கினு வந்தோம் தம்பி. சரக்குகூட இல்ல. பொழுது போவணுமேன்னு, இல்லாத மூட்டைக்கு வெல பேசிக்கினு வந்தோம். துண்டு மேல கெடந்துது. தண்ணி வந்துட்டுது. இருட்டு. அவரு என் கைய அஞ்சு வெரலும் சேத்துப் புடிச்சாரு. அமுக்குனாரு. என் கையி... என் கையி பதில் சொல்லப் போச்சு தம்பி. இருவது வருஷப் பழக்கம். திருப்பிப் புடிக்கலாம்னு பாத்தா, ஆளு இல்ல."

சௌந்தரம் ஒரு மல்லாட்டையை உடைத்தாள். பருப்பை முறத்தில் போட்டாள். நிமிராமலே கேட்டாள்:

"அப்போ வீரம்மா அக்காவுக்குச் சொல்ல ஒண்ணு கீது இல்ல?"

"இன்னா கீது? நான் உருவிட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"அது நீ சொன்னது. அக்கா கேட்டது, அவரு இன்னா சொன்னாருன்னு. அவரு புடிச்சாரு. அத சொல்லு."

அரங்கநாதன் பதில் பேசவில்லை. இந்தமுறை அது சீக்கு இல்லை, யோசனை.

8

மூன்றாவது கதை ஒன்று எழுதித் தா, நடந்ததை நடந்தபடி, அதையும் அவருக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றான் சவுரிராயன். எழுதினேன். அதைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். முடிவு மட்டும் இல்லாததால் அவனிடம் கொடுக்கவில்லை.

முடிவு அ: கெடாரில் வீரம்மாள் முன்னால் உட்கார்ந்து, அரங்கநாதன் எல்லாவற்றையும் சொல்கிறார். அவள்

(அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அவளை நான் பார்த்ததே இல்லை.)

முடிவு ஆ: அரங்கநாதன் மண்டிக்குத் திரும்புகிறார். மிஷினில் மறுபடி படுக்கவைத்தால், பேச்சு இருக்கிற பக்கம் ரத்தம் கமகமவென்று

(கமகமவென்று ரத்தம் ஓடாது. மிக்சர் விற்கிறவன் மாதிரி எழுதுகிறேன்.)

முடிவு இ: அவர் பாதி உண்மை சொல்கிறார். பிடித்ததை மட்டும். உருவியதைத் தனக்கே வைத்துக்கொள்கிறார். அது பொய்யா, எடைக்கல்லைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ப்பதா? எங்கள் தெருவில் இதற்கு இரண்டு கட்சி உண்டு.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். திண்டிவனம் வண்டியிலிருந்து இறங்கிக் கெடார் வண்டிக்கு நின்றார்கள். சௌந்தரம் கையில் ஒரு பையில் மல்லாட்டை. அரங்கநாதன் தோளில் துண்டு, வெளுத்து மடித்தது. நான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"இன்னாண்ணே, வாயால சொல்லப் போறீங்களா, துண்டு போட்டா?" என்று கேட்டேன்.

"அந்தம்மா கைய நான் எப்பிடிப்பா புடிக்கறது, லூசு" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "தெரியல தம்பி. வரப்போ பாப்போம்."

வண்டி வந்தது. ஏறினார்கள். ஜங்ஷன் பக்கமிருந்து கரித்தூள் பறந்து வந்து என் சட்டையில் உட்கார்ந்தது. ஊதிவிட்டேன்.

பிறகு அவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேர் பேசியதை மூன்றாவது ஆள் விசாரிப்பது எங்களிடம் வழக்கமில்லை. சவுரிராயன் இன்னும் கோபமாக இருக்கிறான்.

ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. பக்கத்துக்கு அடியில் கையை நீட்டுங்கள். மேலே துண்டைப் போடுகிறேன். உங்கள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். அழுத்துகிறேன்.

இனி உங்கள் முறை.